சரக்கு ரயிலா, லாரியா: அனுப்புநரின் இடத்திலிருந்து ஒரு மதிப்பீடு

சரக்குப் போக்குவரத்துச் சேவைகளை ஒப்பிட முற்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டு செல்ல எவ்வளவு ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை காண நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. நெடுந்தொலைவுக்கு நிறையச் சரக்கு என்றால் ரயில்தான் மலிவு. ஆயினும் பெரும்பாலான நாடுகளில் ஆலைகளிலிருந்தும் கிடங்குகளிலிருந்தும் வெளியேறும் பொருள்களில் பெரும்பங்கு லாரியில்தான் ஏறுகிறது. இதை வைத்து அனுப்புநர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. ரயில் விற்பது ஒரு சரக்கு நிலையத்திலிருந்து இன்னொரு சரக்கு நிலையம் வரையிலான பயணத்தை. லாரி விற்பதோ ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசல் வரையிலான பயணத்தை. இரண்டும் வெவ்வேறு பண்டங்கள் என்பதை மறந்து ஒரே அளவுகோலில் விலை கேட்பதால்தான் ஒப்பீடு குழம்பிப்போகிறது. நடுவழியைப் பொறுத்தவரை லாரியால் ரயிலுக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதும், ஆனால் தேர்வைத் தீர்மானிப்பது நடுவழி அன்று, ஏற்றும் முனையும் இறக்கும் முனையும்தான் என்பதும் என் மதிப்பீடு.

முதலில் நடுவழி. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 1 சதுர சென்டிமீட்டர்தான். அந்தச் சிறு பரப்பின் மீது பல டன் எடை அழுந்தினாலும் இரும்பு மிகக் குறைவாகவே நசுங்குவதால், உருள்வதற்கு எதிரான தடை சுமையின் எடையில் 1,000-இல் 1 முதல் 2 பங்குதான் இருக்கும். லாரியின் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. அந்த நசுங்கலில் செலவாகும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகப் போய்விடுவதால், தடை 1,000-இல் 6 முதல் 10 பங்கு வரை ஆகிறது. இதனுடன் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு லாரியும் தன் முகத்தால் தனியாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. ரயிலில் இஞ்சினும் முதல் சில வேகன்களும் கிழித்த காற்றுக்குள் மற்றவை வரிசையாக நுழைந்துவிடுகின்றன. எரிபொருள் செலவில் தெரியும் பெரும் வேறுபாட்டுக்கு அடிப்படை இவை இரண்டும்தான்.

அளவிலும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக ஒரு லாரி சரக்கோடு சேர்த்து 40 டன் எடைக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளில் அந்த வரம்பு 80,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 டன். வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் சரக்குக்குக் கிடைப்பது சுமார் 20 முதல் 25 டன். 50 வேகன்கள் கொண்ட ஒரு ரயில், வேகனுக்கு 60 டன் வீதம் ஏற்றிச் சென்றால், அதே சரக்குக்கு 25 டன் லாரிகள் 120 தேவைப்படும். 120 ஓட்டுநர்களும் தேவைப்படுவர். ரயில் எந்த அளவுக்குப் போக முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 2001 ஜூன் மாதம் ஓடிய இரும்புத்தாது ரயில் ஒன்று எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 682 வேகன்கள், 8 இஞ்சின்கள், 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம், 80,000 டன்னைத் தாண்டிய தாது. ஓட்டியவர் ஒருவர். அது ஒரு சாதனைக்காக ஓட்டப்பட்ட ரயில். அன்றாடச் சேவை அப்படி இருப்பதில்லை. ஆனால் அப்படி ஒரு சாதனைக்கு முயலக்கூட லாரிக்கு இடமில்லை.

உருளும் தடையைக் குறைக்கும் அதே வழவழப்பு, ஏற்றத்தில் ரயிலுக்கு எதிரியாகிறது. இரும்பின் மீது இரும்புக்குப் பிடிப்புக் குறைவு. மழையிலும் உதிர்ந்த இலைகளின் மீதும் அது மேலும் குறைந்து, இஞ்சின் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே ஏற வேண்டியிருக்கிறது. 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றமே சரக்கு ரயிலுக்குக் கணிசமானது. 2 மீட்டர் என்றால் கூடுதல் இஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டும். லாரியோ 6 மீட்டர் ஏற்றத்தையும் கியரைக் குறைத்துக்கொண்டு கடந்துவிடுகிறது. அதனால்தான் தண்டவாளம் மலைகளைச் சுற்றியும் குடைந்தும் நீண்ட வழியாகப் போகிறது. வரைபடத்தில் சாலைத் தொலைவும் ரயில் தொலைவும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிக் கட்டணத்தை ஒப்பிடுகிறவர்கள் மலைப்பகுதிகளில் ஏமாந்துபோவது உண்டு.

இனி முனைகள். ஓர் ஆலைக்குள்ளேயே சைடிங் இருந்தால், அதாவது பிரதான பாதையிலிருந்து பிரிந்து வரும் தனிப்பாதை இருந்தால், இந்த மதிப்பீட்டில் பாதிக்கும் மேற்பட்டது அந்த ஆலைக்குத் தேவையே இல்லை. அனல்மின் நிலையம், சிமென்ட் ஆலை, எஃகு ஆலை, உரக் கிடங்கு, துறைமுகம் போன்ற இடங்களில் வேகன் நேராக ஏற்றும் இடத்துக்கே வருகிறது. அடிப்பகுதி திறந்து கொட்டும் வேகன்களும், வேகனையே கவிழ்க்கும் எந்திரங்களும் ஆயிரக்கணக்கான டன்களைச் சில மணி நேரத்தில் இறக்கிவிடுகின்றன. இத்தகையவர்கள் லாரியை நாடுவது ரயில் கிடைக்காதபோது மட்டுமே.

சைடிங் இல்லாதவருக்குக் கதை வேறு. அவருடைய சரக்கு முதலில் கிடங்கிலிருந்து ஒரு லாரியில் ஏறுகிறது. சரக்கு நிலையத்தில் அதிலிருந்து இறங்கி, சில நேரம் மேடையில் காத்திருந்து, வேகனில் ஏறுகிறது. சேருமிடத்திலும் இதே வரிசை தலைகீழாக நிகழ்கிறது. நேராக லாரியில் அனுப்பினால் ஒரு முறை ஏற்றி ஒரு முறை இறக்கினால் போதும். ரயிலில் அனுப்பினால் மூன்று முறை ஏற்றி மூன்று முறை இறக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் சுமைப்பணியாளர்களுக்கான கூலி உண்டு, எண்ணிக்கை சரிபார்க்கும் வேலை உண்டு, மூட்டை கிழியவும் பெட்டி நசுங்கவும் வாய்ப்பு உண்டு. நடுவழியில் மிச்சமான பணம் இந்த நான்கு கூடுதல் கைமாற்றங்களில் கரைகிறது. தொலைவு கூடக்கூட நடுவழிச் சேமிப்பு வளரும். முனைச் செலவோ தொலைவைப் பொருட்படுத்தாமல் அப்படியே நிற்கும். எனவே ஏதோ ஒரு தொலைவுக்கு மேல்தான் ரயில் இலாபம் தரத் தொடங்குகிறது. அந்தத் தொலைவு எங்கும் ஒன்றாக இருப்பதில்லை என்றாலும், சைடிங் இல்லாத அனுப்புநருக்கு அது சில நூறு கிலோமீட்டர்களில் அமைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட போக்குவரத்துக் கொள்கை அறிக்கையில், சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் சரக்கில் 30 விழுக்காட்டை 2030-க்குள் ரயிலுக்கும் நீர்வழிக்கும் மாற்ற வேண்டும் என்று இலக்கு வைத்தது. 300 கிலோமீட்டருக்குக் குறைவானதைப் பற்றி அந்த இலக்கு பேசவே இல்லை என்பதிலிருந்து, ரயிலை ஊக்குவிக்க விரும்புகிறவர்களுக்கும் முனைச் செலவின் பாரம் தெரிந்தே இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

சரக்கின் அளவும் முனையைச் சார்ந்த சிக்கல்தான். ரயில் நிர்வாகங்கள் விரும்புவது ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கும் முழு ரயிலை, அதாவது முழு ரேக்கை. ஒன்றிரண்டு வேகன் மட்டும் வேண்டும் என்கிறவரின் வேகன் வழியில் ஷன்டிங் யார்டுகளில் பிரிக்கப்பட்டு, அதே திசையில் செல்லும் மற்ற வேகன்களுக்காகக் காத்திருந்து, புதிய ரயிலில் கோக்கப்பட்டு, அடுத்த யார்டில் மீண்டும் பிரிக்கப்படுகிறது. ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகமாகிவிடும் பயணம் அது. இதில் ஐரோப்பாவின் நிலை சற்று வியப்பானது. அமெரிக்காவில் வேகன்களைத் தானாக இணைக்கும் கொக்கிகளை 1893-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சரக்கு வேகன்களுக்கிடையே ஆள் புகுந்து திருகாணியை முறுக்கி இணைக்கும் முறை இந்த நூற்றாண்டிலும் தொடர்கிறது. தனி வேகன் சேவை பல நாடுகளில் சுருங்கியோ நின்றோ போனதற்கு யார்டுகளில் ஆகும் இந்த உழைப்பும் நேரமும் முக்கியக் காரணம். 10 டன் அனுப்புகிறவருக்கு ரயில் இன்று பெரும்பாலும் ஒரு பதிலாகவே இல்லை என்பதைக் குறையாகவே பதிவு செய்ய வேண்டும். லாரிச் சேவையில் 10 டன்னுக்கு ஏற்ற வண்டி கிடைக்கும். ஒரே ஒரு பெட்டியைக்கூடப் பார்சல் சேவையினர் மற்றவர் சரக்கோடு சேர்த்து ஏற்றிச் செல்வார்கள்.

காத்திருப்புக் கட்டணத்தையும் முனைக் கணக்கில் சேர்க்காமல் விலைப்புள்ளிகளை ஒப்பிடக் கூடாது. லாரி குறித்த நேரத்துக்கு மேல் வாசலில் நின்றால் அந்த ஒரு லாரிக்கு மட்டும் கட்டணம். ரயிலிலோ ரேக் வந்து நின்றதிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் இறக்கி முடிக்காவிட்டால் நிற்கும் வேகன் ஒவ்வொன்றுக்கும் டிமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். இறக்கிய சரக்கை நிலையத்திலிருந்து உரிய நேரத்தில் அகற்றாவிட்டால் அதற்குத் தனிக் கட்டணம். ரயில் நள்ளிரவில் வந்தாலும் மழையில் வந்தாலும் பெறுநர் ஆள்களையும் லாரிகளையும் திரட்டியாக வேண்டும். 3,000 டன் சரக்கு ஒரே நேரத்தில் வந்து இறங்குவதைத் தாங்கக்கூடிய கிடங்கும் வேண்டும். தினமும் 5 லாரிகளாக வந்துகொண்டிருந்த சரக்கை மாதம் ஒரு ரயிலாக மாற்றும் நிறுவனம், போக்குவரத்தில் மிச்சப்படுத்தியதைக் கிடங்கு வாடகைக்கும் முடங்கிய முதலுக்கான வட்டிக்கும் கொடுத்துவிட நேரிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை எவ்வளவு விரைவு என்பதைவிட எவ்வளவு நிச்சயம் என்பதே அனுப்புநருக்கு முக்கியம். சரக்கு ரயில் மணிக்கு 80 அல்லது 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஆனால் பயணிகள் ரயில்களோடு ஒரே பாதையைப் பகிரும் இடங்களில் அது ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது. நீண்ட சரக்கு ரயில் ஒரு முறை நின்றால், மீண்டும் வேகம் பிடிக்க நெடுநேரம் ஆகும். இதற்கு மாறாக, சரக்குக்கென்று தனிப்பாதை போட்ட இடங்களில் ரயிலின் தன்மையே மாறிவிடுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் எல்லை வரை 2007-இல் திறக்கப்பட்ட பெட்டுவே பாதை அத்தகையது. முழு ரேக், தனிப்பாதை, இரு முனைகளிலும் எந்திர வசதி ஆகிய மூன்றும் சேர்ந்தால், நெடுந்தொலைவில் லாரியைவிட ரயிலே நம்பகமானது என்று தயங்காமல் சொல்வேன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தயக்கம் வந்துவிடுகிறது.

பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. சாலையில் பாலம் ஒன்று மூடப்பட்டால் லாரி சுற்றுவழியில் போய் சில மணி நேரம் தாமதமாக வந்து சேரும். தண்டவாளத்துக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. 2017 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில், ரயில் பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோது மேலிருந்த தண்டவாளம் அமிழ்ந்துவிட்டது. வடகடல் துறைமுகங்களையும் இத்தாலியையும் இணைக்கும் முக்கியமான ரைன் சமவெளிப் பாதை அது. ஏழு வாரங்களுக்கும் மேலாக அது மூடிக் கிடந்தது. மாற்றுப் பாதைகளில் போதிய இடமும் இல்லை, அவை செல்லும் நாடுகளின் பாதை விதிகளும் மொழியும் தெரிந்த ஓட்டுநர்களும் போதவில்லை. அதே தடத்தில், ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்து 2016-இல் திறக்கப்பட்ட கோட்ஹார்ட் அடிநிலைச் சுரங்கத்தில், 2023 ஆகஸ்டில் ஒரு சரக்கு ரயிலின் சக்கரம் உடைந்து தடம் புரண்டது. ஓராண்டுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில்தான் அந்தச் சுரங்கம் முழுமையாக மீண்டும் இயங்கத் தொடங்கியது. ரயிலை மட்டுமே நம்பி உற்பத்தியைத் திட்டமிடுகிற நிறுவனம் சில நாள்களுக்கான இருப்பையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளுமே போதும்.

லாரிக்கும் நேரத்தில் எல்லை உண்டு. அது ஓட்டுநரின் உடல். ஐரோப்பிய விதிப்படி நான்கரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அமெரிக்காவில் அந்த வரம்பு 11 மணி நேரம். ஆகவே ஒரே ஓட்டுநருடன் செல்லும் லாரி, நாளொன்றுக்கு 600 அல்லது 700 கிலோமீட்டர் போவதே சிறந்த சாலையில்தான் நடக்கும். ரயிலில் ஓட்டுநர் மாறுவார். ரயில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். 1,500 கிலோமீட்டரைத் தாண்டும் பயணத்தில், முனைகளில் இழந்த நேரத்தை ரயில் இப்படித்தான் மீட்டெடுக்கிறது. விதியை மீறி விரைவாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக வாக்களிக்கும் லாரிச் சேவையைச் சாமர்த்தியம் என்று மெச்சுவது எனக்கு உடன்பாடில்லை. தூக்கமிழந்த ஓட்டுநரின் பின்னால் இருப்பது நம் சரக்கு மட்டுமன்று. எதிரே வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாடிக்கையாளராக நடத்தப்படும் விதத்தில் லாரிச் சேவைக்கே கூடுதல் மதிப்பெண். தொலைபேசியில் அழைத்தால் வண்டி எங்கே நிற்கிறது என்று ஓட்டுநரே சொல்லிவிடுவார். விலை பேசலாம், இறக்கும் இடத்தைப் பாதி வழியில் மாற்றலாம், ஒரு நாள் தள்ளிவைக்கலாம். ரயிலில் கட்டணம் அட்டவணைப்படி அல்லது நீண்டகால ஒப்பந்தப்படி அமைகிறது. கிளம்பிய ரயிலின் சேருமிடத்தை மாற்றுவது எளிதன்று. ஆனால் இதே நெகிழ்வுக்கு மறுபக்கமும் உண்டு. அறுவடைக் காலத்திலும் பண்டிகைக்கு முந்தைய வாரங்களிலும் லாரி வாடகை திடீரென்று உயரும். ஒப்புக்கொண்ட வண்டி அதிக வாடகை தருகிறவரிடம் போய்விடும். திரும்பும் வழியில் சரக்குக் கிடைக்கும் தடமானால் வாடகை குறையும், கிடைக்காத தடமானால் வெறும் வண்டி திரும்புவதற்கான செலவும் நம் தலையில்தான் விழும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் சரக்கு அனுப்புகிறவருக்கு ரயிலின் விறைப்பான கட்டணமே நிம்மதி தரும்.

சேதத்தைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவலாக உள்ளன. ரயில் பயணம் ஆட்டமில்லாதது, ஆகவே சரக்கை எளிமையாகக் கட்டினால் போதும் என்பது ஒன்று. ஓடும்போது அது உண்மைதான். ஆனால் ஷன்டிங் யார்டில் வேகன்கள் ஒன்றோடொன்று மோதி இணையும் கணத்தில், நீளவாக்கில் வரும் அதிர்ச்சி சாலையில் எளிதில் நேராத அளவுக்கு வலுவானது. முழு ரயிலாக யார்டுக்குப் போகாமல் செல்லும் சரக்குக்கு இந்த அச்சம் இல்லை. தனி வேகனில் செல்லும் சரக்குக்கு உண்டு. லாரியில் சரக்குத் தன் எடையாலேயே நகராமல் இருக்கும் என்பது மற்றொன்று. திடீரென்று பிரேக் போடும்போது சரக்கு முன்னோக்கித் தள்ளும் விசை அதன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு வரை இருக்கும் என்று வைத்துத்தான் சரக்கைக் கட்டுவதற்கான விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. வளைவுகளில் பக்கவாட்டு விசை எடையில் பாதி. இவ்வளவு விசையை வெறும் தார்ப்பாயும் கயிறும் தாங்கா.

இழப்பீட்டு வரம்பும் பார்க்கத்தக்கது. பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்துக்கான 1956-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, சரக்கை இழந்தால் போக்குவரத்தாளர் தர வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு, கிலோவுக்குப் பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகான சிறப்பு எடுப்பு உரிமையில் 8.33. பன்னாட்டு ரயில் போக்குவரத்துக்கான விதிகளில் அதே வரம்பு கிலோவுக்கு 17, அதாவது இரண்டு மடங்கு. உப்போ நிலக்கரியோ அனுப்புகிறவருக்கு இந்த எண்களால் எந்த வேறுபாடும் இல்லை. மின்னணுப் பொருள் அனுப்புகிறவருக்கு இரண்டுமே போதாது, தனியாகக் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

ஆபத்தான பொருள்களைப் பற்றி நான் ஒரு பக்கமாகச் சாய விரும்பவில்லை. ஒரு டன் சரக்குக்கு, ஒரு கிலோமீட்டருக்கு என்று கணக்கிட்டால் ரயிலில் விபத்துகள் குறைவு. ஆனால் விபத்து நேர்ந்தால் அதன் அளவு பெரிது. கனடாவின் லாக்-மெகாண்டிக் ஊரில் 2013 ஜூலை 6 அன்று, ஆளின்றி நிறுத்தப்பட்டிருந்த கச்சா எண்ணெய் ரயில் சரிவில் தானாக உருண்டு தடம் புரண்டு எரிந்ததில் 47 பேர் இறந்தனர்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, முனைச் சிக்கலை உண்மையாகவே குறைத்த ஒரே ஏற்பாடு கன்டெய்னர்தான் என்பது தெளிவாகும். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரித் தொழிலதிபர் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது அவர் ஒழிக்க நினைத்தது கைமாற்றத்தைத்தான். பெட்டி கிடங்கில் ஒரு முறை நிரப்பப்பட்டு முத்திரையிடப்படுகிறது; அதன்பின் கிரேன் தூக்கி மாற்றுவது பெட்டியைத்தான், உள்ளிருக்கும் சரக்கை எவரும் தொடுவதில்லை. 20 அடி, 40 அடி என்ற அளவுகள் உலகெங்கும் ஒன்றாகிவிட்டதால் லாரியும் ரயிலும் கப்பலும் ஒரே பெட்டியைப் பகிர முடிகிறது. மேலே நான் கூறிய ஆறு கையாளல்களில் நான்கு, சில நிமிடங்களில் முடியும் கிரேன் வேலையாகிவிடுகின்றன. வட அமெரிக்காவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கன்டெய்னர்களை அடுக்கிச் செல்லும் ரயில்கள் 1980-களில் பரவின. ஒரே நீளமுள்ள ரயிலில் ஏறத்தாழ இரு மடங்குப் பெட்டிகள். பாலங்களும் சுரங்கங்களும் மின்கம்பிகளும் தாழ்வாக உள்ள பாதைகளில் அதற்கு வழியில்லை.

லாரியையே ரயிலில் ஏற்றும் சேவையும் உண்டு. ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் அது நெடுங்காலமாக இருந்துவருகிறது. இந்தியாவின் கொங்கண் ரயில்வே இந்தச் சேவையை 1999-இல் தொடங்கியது. ஓட்டுநருக்கு ஓய்வு, மலைச்சாலையில் எரிபொருள் மிச்சம், முனைகளில் கிரேன் தேவையில்லை என்று நன்மைகள் பல. ஆனால் 25 டன் சரக்குக்காக 15 டன் வண்டியையும் சேர்த்துச் சுமக்கிற ரயில் தன் இயல்பான சிக்கனத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. மலைத்தொடர் போன்ற கடினமான தடங்களைத் தாண்டி இந்தச் சேவை பரவாததில் வியப்பில்லை.

எல்லை கடக்கும் சரக்குக்கு இன்னொரு முனையும் முளைக்கிறது. சீனாவின் தண்டவாளங்களுக்கிடையே 1,435 மில்லிமீட்டர், கசகஸ்தானிலும் ரஷ்யாவிலும் 1,520 மில்லிமீட்டர், போலந்தில் மீண்டும் 1,435. எனவே சீனாவிலிருந்து மேற்கு ஐரோப்பா செல்லும் கன்டெய்னர் இரு எல்லைகளில் ரயில் மாற வேண்டும். லாரிக்குச் சாலையின் அகலம் ஒரு பொருட்டன்று. ஆனால் எல்லையில் சுங்கச் சோதனைக்காக வரிசையில் நிற்பதிலிருந்து அதற்கும் விடுதலை இல்லை.

கட்டண ஒப்பீட்டில் வெளியே தெரியாத ஒரு சலுகையையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில், அச்சின் மீது ஏறும் சுமை இரட்டித்தால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று தெரியவந்தது. அப்படியானால் சாலையைத் தேய்ப்பது கார்கள் அல்ல, கனரக லாரிகளே. அந்தச் செலவைப் பெரும்பாலான நாடுகளில் வரி செலுத்துகிற எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ரயிலின் கட்டணத்திலோ பாதைப் பராமரிப்பின் பெரும்பங்கு அடங்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்து 2001 முதல் கனரக லாரிகளிடம் எடைக்கும் ஓடிய தொலைவுக்கும் புகையின் அளவுக்கும் ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. ஆல்ப்ஸைக் கடக்கும் சரக்கில் பெரும்பகுதி அங்கே ரயிலில் போவதற்கு இது ஒரு காரணம். கரிம உமிழ்வும் ரயிலில் பல மடங்கு குறைவு. முனைகளில் ஓடும் லாரிகளின் புகையையும் அதே கணக்கில் சேர்த்தால் அந்த இடைவெளி சற்றுக் குறையும், மறையாது.

ஆகவே என் பரிந்துரை சரக்கைப் பொறுத்து மாறும். நிலக்கரி, தாது, சிமென்ட், உரம், தானியம், எண்ணெய், எஃகுச் சுருள் ஆகியவை முழு ரேக் அளவில் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போகுமானால், ரயிலைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. சைடிங் போடுவதற்கான முதலீட்டைக்கூடப் பரிசீலிக்கலாம். மருந்து, காய்கனி, உதிரி பாகம், பல கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொருள் ஆகியவற்றுக்கு லாரியே உரியது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பரப்பு இருக்கிறது: வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில், 700 அல்லது 800 கிலோமீட்டருக்கு அப்பால் போகும் பெட்டிச் சரக்கு. வழக்கத்தால் லாரியில் போய்க்கொண்டிருக்கும் இதைத்தான் கன்டெய்னர் ரயிலில் சோதித்துப் பார்க்கத் தகுந்ததாகக் கருதுகிறேன். சோதிக்கும்போது ரயில் கட்டணத்தை மட்டும் கேட்காமல், இரு முனைகளிலும் லாரி, கிரேன், காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்புதல், முனையத்தில் இலவசமாக வைத்திருக்கக்கூடிய நாள்கள் ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கிய வாசல்முதல் வாசல்வரை விலையை ஒரே ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும். அப்படி ஒரு விலை தர மறுத்து, நிலையம் முதல் நிலையம் வரைதான் தங்கள் பொறுப்பு என்று சொல்லும் முகவரிடம், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரக்கை ஒப்படைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.